கவர்னர் இல்லாத கோபம்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு" என்று மலர்க்குழு கேட்டால் நாம் வழக்கமாக எழுதுவது என்ன? 'மாணவரும் சமுதாயமும்', 'காலம் பொன் போன்றது', 'இளைஞனே எழுந்து வா'. இவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஹாஸ்டலில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நாம் தொண்டை கிழியச் சண்டை போடுவது இவற்றைப் பற்றியா? இல்லையே! பாதி நாள் சண்டை நருட்டோ பெரியவனா, சசுகே பெரியவனா என்பதில்தான். வார்டன் வந்து லைட்டை அணைத்த பிறகும் இருட்டில் அந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கும். அந்த வழக்கில் என் தரப்பை இங்கே எழுத்து மூலமாகத் தாக்கல் செய்கிறேன். நான் சசுகே கட்சி.

என் ரூம்மேட் எதிர்க்கட்சி. "கூட இருந்தவங்களை விட்டுட்டு எதிரிகிட்டப் போய்ச் சேர்ந்தவன்டா அவன். அவனைப் போய்க் கொண்டாடறியே, உனக்கே நியாயமாப் படுதா?" என்று கேட்பான். நல்ல கேள்விதான். தப்பு செய்கிற ஒருவன்மேல் நமக்கு ஏன் இத்தனை பிரியம்? அவன் தோற்கும்போது நமக்கு ஏன் தொண்டை அடைக்கிறது? இதற்குப் பதில் தேடித்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்த சசுகே?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'நருட்டோ' என்பது ஜப்பானிய மங்கா, அதாவது படக்கதை. எழுதி வரைந்தவர் மசாஷி கிஷிமோட்டோ. வீக்லி ஷோனென் ஜம்ப் என்ற வாரப் பத்திரிகையில் 1999 முதல் 2014 வரை தொடர்ந்து வந்தது. மொத்தம் 700 அத்தியாயங்கள், 72 புத்தகங்கள். கறுப்பு வெள்ளைதான். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இதன் கார்ட்டூன் 2022-ல் தமிழ்ப் பேச்சோடு டிவியில் வந்தபோதுதான் எனக்கு அறிமுகம். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பிறகு நண்பர்களின் செல்போனில் மங்காவைத் தேடிப் பிடித்துப் படித்தேன்.

ஒரு விஷயம் உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 1997-ல் கிஷிமோட்டோ முதன்முதலில் வெளியிட்ட 'நருட்டோ' சிறுகதையில் சசுகே என்று ஒரு பாத்திரமே கிடையாது. தொடர்கதையாக மாற்றும்போது வந்து சேர்ந்தவன் அவன். அப்படிப் பின்னால் வந்தவன் கதையின் பாதிப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்! இன்னொன்று, கிஷிமோட்டோ இரட்டையரில் ஒருவர். அவருடன் பிறந்த செய்ஷியும் மங்கா வரைபவர். அண்ணன் தம்பி உறவைப் பற்றி அந்த மனிதர் இவ்வளவு அழுத்தமாக வரைந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கதை நடப்பது கொனோஹா என்ற நிஞ்ஜாக்களின் கிராமத்தில். அங்கே உச்சிஹா என்று ஒரு பெரிய குலம். நெருப்பு வித்தையில் கைதேர்ந்தவர்கள். அவர்களுடைய சின்னம் சிவப்பும் வெள்ளையுமான ஒரு கைவிசிறி. நெருப்பை ஊதிப் பெரிதாக்குவது விசிறிதானே? அந்தக் குலத்தின் கடைக்குட்டிகளில் ஒருவன் சசுகே. ஒரு நாள் சாயந்திரம் பள்ளி விட்டு வீடு திரும்புகிறான். தெருவெல்லாம் பிணம். அப்பா இல்லை, அம்மா இல்லை, குலமே இல்லை. கொன்றவன் வெளியாள் இல்லை. சசுகே உயிரையே வைத்திருந்த அவனுடைய அண்ணன் இட்டாச்சி! 'என்னை வெறுத்துக்கொண்டே உயிர் வாழ், பலம் பெற்று என்னைத் தேடி வா' என்கிற மாதிரிச் சொல்லிவிட்டு அண்ணன் போய்விடுகிறான். அன்றிலிருந்து அந்தப் பையனுக்கு ஒரே வேலை. அண்ணனைக் கொல்ல வேண்டும்.

காரணம் உள்ள கோபம்

அவன் நம்மை இழுப்பதற்கு முதல் காரணம் இதுதான். அவன் கோபம் சும்மா வந்த கோபம் இல்லை. ஆரம்ப அத்தியாயங்களில் ககாஷி வாத்தியார் மாணவர்களிடம் உங்கள் கனவு என்ன என்று கேட்கிறார். நருட்டோ ஊர்த்தலைவன் ஆவேன் என்கிறான். சசுகேயோ, எனக்குக் கனவு கிடையாது, லட்சியம் உண்டு என்கிறான். குலத்தை மறுபடி உண்டாக்குவது ஒன்று, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கொல்வது இன்னொன்று. பன்னிரண்டு வயதுப் பையன் பேசுகிற பேச்சா இது? ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அவன் புதியவனாகத் தெரியவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் அப்பா ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தார். எந்த மில், எந்த ஊர் என்று இங்கே எழுதப்போவதில்லை. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஓடுகிற பெல்ட்டில் அவருடைய வலது கை சிக்கி மூன்று விரல்கள் போய்விட்டன. ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். கட்டுப் பிரித்து அப்பா திரும்பிப் போனபோது, மூட்டை தூக்க முடியாத ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்களாம். அவ்வளவுதான். இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தபோது மாமா, அத்தை, எதிர்வீட்டுப் பாட்டி எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றே: "நல்லாப் படிச்சுப் பெரிய ஆளாகி, அந்த மொதலாளி முன்னால போய் நிக்கணும்டா!" யாரும் மெக்கானிக்கல் என்றால் என்ன, எத்தனை செமஸ்டர் என்று கேட்கவில்லை. என் படிப்புக்கு என் வீட்டில் இருந்த அர்த்தம் அது ஒன்றுதான். டிராயிங் ஷீட்டில் கோடு போடும்போதும், ஃபிட்டிங் கடையில் அரம் பிடித்துக் கை கொப்பளித்தபோதும் அந்த முதலாளியின் முகம் எனக்கு எதிரில் இருந்தது. தூக்கம் வந்தால் அந்த முகத்தை நினைத்துக்கொள்வேன், தூக்கம் போய்விடும். சசுகேயும் இப்படித்தானே பயிற்சி செய்தான்!

நம் வகுப்பில் இப்படி ஒரு முகத்தை மனதில் வைத்துக்கொண்டு படிப்பவன் நான் ஒருவன் மட்டும்தானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிலருக்கு வட்டிக்காரன் முகம், சிலருக்குச் சொந்தக்காரன் முகம்.

உழைப்பவன், ஆனால் இரண்டாவது

இரண்டாவது காரணம், சசுகே உழைக்கிறான். பலரும் அவனைப் பிறவி மேதை என்கிறார்கள். ஆனால் அவன் வீட்டில் அவன் எப்போதும் இரண்டாவது இடம். அண்ணன் அப்படி ஒரு சூரன். அப்பா நெருப்புப் பந்து வித்தையைச் சொல்லித் தருகிறார். முதல் தடவை செய்யும்போது சின்னப் பொறிதான் வருகிறது. அப்பா ஒன்றும் சொல்லாமல் நடந்து போய்விடுகிறார். பையன் வாயெல்லாம் வெந்து புண்ணாகும் அளவுக்குத் தனியாகப் பயிற்சி செய்து, ஒரு வாரம் கழித்து அப்பாவைக் கூப்பிட்டுச் செய்து காட்டுகிறான். அப்போதுதான் அப்பா, நீ என் பிள்ளை என்று முதல் தடவையாகச் சொல்கிறார். அந்த ஒரு சொல்லுக்காக அவன் எத்தனை நாள் காத்திருந்தான்! அந்த அப்பாவையும்தான் அவன் இழந்தான். அதனால்தான் சண்டைக் காட்சிகளைவிட இந்த ஏரிக்கரைக் காட்சி என் மனதில் அதிகம் நிற்கிறது. இழந்தது எவ்வளவு என்று தெரிந்தால்தானே கோபம் எவ்வளவு என்று புரியும்.

மூன்றாவது, அவனுக்குள் அன்பு செத்துப்போகவில்லை. அலைநாட்டுப் பாலத்தில் ஹாகு என்பவன் ஊசிகளை வீசும்போது சசுகே நருட்டோவுக்குக் குறுக்கே பாய்ந்து அத்தனையையும் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறான். அண்ணனைக் கொல்லும்வரை சாகக் கூடாது என்று இருந்தவன், யோசிக்காமல் உயிரைக் கொடுக்கப் போகிறான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. உடம்பு தானாகப் பாய்ந்துவிட்டது.

இங்கேதான் சோகம் தொடங்குகிறது. நண்பர்கள் கிடைத்தால் கோபம் ஆறிவிடும், கோபம் ஆறினால் பழி வாங்க முடியாது என்று அவன் கணக்குப் போடுகிறான். நண்பர்களை விட்டுவிட்டு, பலம் தருகிறேன் என்ற ஒரோச்சிமாருவிடம் போகிறான். வழிமறித்த நருட்டோவை ஒரு பெரிய அருவிக்கரையில் அடித்து வீழ்த்துகிறான். ஆனால் கொல்லவில்லை. உயிர் நண்பனைக் கொன்றால் கண்ணுக்கு இன்னும் பெரிய சக்தி வரும் என்று அண்ணன் சொல்லி வைத்திருந்தான். அந்த வழியில் நான் வரமாட்டேன் என்று விட்டுவிட்டுப் போகிறான். கெட்டவனாக மாறவும் முடியவில்லை, நல்லவனாக இருக்கவும் அவனே விடவில்லை. வில்லனுக்கும் ஹீரோவுக்கும் நடுவில் நிற்கிற இந்த மாதிரி ஆளைத்தான் ஆன்டி-ஹீரோ என்கிறார்கள்.

அண்ணன் சொன்ன பொய்

சசுகே கடைசியில் அண்ணனைச் சந்திக்கிறான். பயங்கரமான சண்டை. முடிவில் நோயாளியான இட்டாச்சி, தம்பியின் நெற்றியில் சின்ன வயதில் தட்டுவது போலவே விரலால் தட்டிவிட்டு, கீழே விழுந்து சாகிறான். பழி தீர்ந்தது. கதையும் தீர்ந்தது என்று நினைப்போம். அங்கேதான் கிஷிமோட்டோ நம்மைப் பிடித்துக் கவிழ்க்கிறார்.

உண்மை என்ன? உச்சிஹா குலத்தார் கிராமத்தின் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். அது நடந்தால் உள்நாட்டுப் போர், அதைப் பார்த்து வெளிநாட்டுப் போர். கிராமத்தின் மேல்மட்டத்தில் இருந்த டான்சோ என்ற கிழவர், பதின்மூன்று வயது இட்டாச்சியிடம் இந்தக் கொடூரமான காரியத்தை ஒப்படைக்கிறார். அவன் எல்லோரையும் கொன்றான். தம்பியை மட்டும் அவனால் கொல்ல முடியவில்லை. தம்பி குலத்தின் பெருமையோடு தலைநிமிர்ந்து வாழட்டும் என்று, உண்மையை மறைத்து, துரோகி என்ற பட்டத்தைத் தானே சுமந்துகொண்டான். வெறுப்பை வேண்டுமென்றே தன்மேல் வாங்கிக்கொண்டான்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை, அதாவது போனை, கீழே வைத்துவிட்டேன். காரணம் என் அண்ணன்.

அப்பாவுக்குக் கை போன வருடம் அண்ணன் பத்தாவது. பரீட்சை முடிந்ததும், "எனக்குக் கணக்கு மண்டையில ஏறல, நான் திருப்பூர் போறேன்" என்று சொல்லிவிட்டு பனியன் கம்பெனிக்குப் போனான். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் அவனைப் 'படிப்பு ஏறாதவன்' என்றுதான் சொல்வார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பான். பாலிடெக்னிக் அட்மிஷனுக்குச் சாதிச் சான்றிதழ் தேடி டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது அவனுடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கையில் கிடைத்தது. கணக்கில் 91. அதை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். இன்றைக்கும் என் செமஸ்டர் ஃபீஸ் திருப்பூரிலிருந்துதான் வருகிறது.

என் அண்ணன் யாரையும் கொன்றவன் இல்லை. இட்டாச்சி செய்ததை நியாயப்படுத்தவும் நான் வரவில்லை. ஆனால் தம்பிக்காக ஒரு பொய்யைச் சொல்லி, அந்தப் பொய்யோடேயே வாழ்கிற அண்ணன்மார்கள் மங்காவில் மட்டும் இல்லை நண்பர்களே!

வைவா கேள்வி ஒன்று

இனி கதைக்கு வருவோம். உண்மை தெரிந்த பிறகு சசுகே என்ன செய்தான்? நிம்மதி அடைந்தானா? இல்லை. கோபம் இன்னும் பெரிதாகிவிட்டது. முன்பு ஒரே ஒரு ஆள்மேல் இருந்த கோபம், இப்போது டான்சோமேல். டான்சோவைக் கொன்ற பிறகு கொனோஹா கிராமம் முழுவதன்மேலும். டான்சோவுடன் சண்டை போடும்போது, அவர் கரின் என்ற பெண்ணைக் கேடயமாகப் பிடித்துக்கொள்கிறார். கரின் சசுகேயின் சொந்தக் கூட்டாளி. அவள் உடம்பின் வழியாகவே அவன் டான்சோவைக் குத்துகிறான். என் ரூம்மேட் எப்போதும் காட்டுகிற பக்கம் இது. அந்தப் பக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். எதற்காகப் பழி வாங்கப் புறப்பட்டானோ, அதே காரியத்தை அவனே செய்கிறான்.

ஏன் இப்படி ஆனது? இதை விளக்க நம் லேப் ஒன்றே போதும். வைவாவில் நம் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி: "ஃபிளைவீலுக்கும் கவர்னருக்கும் என்ன வித்தியாசம்?" (மாநில கவர்னர் இல்லை, எஞ்சின் கவர்னர்!) ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் வருகிற ஏற்ற இறக்கத்தை ஃபிளைவீல் சமாளிக்கும். லோடு கூடினாலும் குறைந்தாலும் வேகத்தைக் கட்டுப்பாட்டில் வைப்பது கவர்னர். ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி எஞ்சினுக்குப் பொருத்தினாரே, அதே இரண்டு குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் வெளியே விரியும், ஸ்லீவ் மேலே ஏறும், நீராவி குறையும். சரி, கவர்னர் இல்லாத எஞ்சினில் லோடைத் திடீரென்று எடுத்துவிட்டால் என்ன ஆகும்? எஞ்சின் நிற்காது. இன்னும் வேகம் பிடிக்கும். கடைசியில் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும்.

சசுகேயின் லோடு இட்டாச்சி. சின்ன வயதிலிருந்து அந்த ஒரு லோடை இழுப்பதற்காகவே அந்த எஞ்சின் ஓடியது. இட்டாச்சி செத்த நாளில் லோடு போய்விட்டது. கோபம் அப்படியே இருந்தது. அதன் பிறகு அவன் பிடித்த வேகம்தான் நாம் பார்த்தது.

மற்ற மங்காவிலும் இந்த விஷயம் வேறு விதமாக வருகிறது. மகோட்டோ யுகிமுரா 2005-ல் தொடங்கிய 'வின்லண்ட் சாகா'வில் தோர்ஃபின் என்ற பையன், அப்பாவைக் கொன்ற அஷெலாடைப் பழி வாங்கவே வளர்கிறான். கடைசியில் அஷெலாட் வேறு ஒருவன் கையால் சாகிறான். தோர்ஃபின் எஞ்சின் அப்படியே நின்றுவிடுகிறது. வெறும் கூடாக, அடிமையாக, ஒரு வயலில் போய் விழுகிறான். ஒருவன் எல்லை தாண்டி ஓடுகிறான், ஒருவன் அணைந்துபோகிறான். இருவருக்கும் நோய் ஒன்றுதான். பழிக்குப் பிறகு என்ன என்று அவர்கள் யோசித்து வைக்கவே இல்லை.

ஜப்பானில் பழி என்பது பழைய விஷயம். 1701-ல் அசானோ என்ற பிரபு, எதோ கோட்டைக்குள் கிரா என்ற அதிகாரியை வெட்டியதற்காக அன்றைக்கே உயிர்விட ஆணையிடப்பட்டார். அவருடைய சாமுராய்கள் 47 பேர் காத்திருந்து 1703-ல் கிராவைக் கொன்றார்கள். பிறகு அவர்களில் 46 பேர் அரசு ஆணைப்படி தங்கள் உயிரையும் விட்டார்கள். 1748-ல் இது பொம்மலாட்ட நாடகமாகி, அந்த நாட்டின் புகழ்பெற்ற கதைகளில் ஒன்றாகிவிட்டது. அந்தக் காலத்தில் முறைப்படி அனுமதி வாங்கிப் பழி தீர்க்கவே வழி இருந்தது. 1873-ல்தான் மெய்ஜி அரசு அதைத் தடை செய்தது. அந்த 47 பேருக்கு எதிரி யார் என்பதில் சந்தேகம் இல்லை. சசுகேயின் எதிரியோ அவன் தொடத் தொட நகர்ந்துகொண்டே இருக்கிறான். அண்ணன், கிழவர், கிராமம் என்று. பழைய கதையை எடுத்துக்கொண்டு கிஷிமோட்டோ போட்ட புது முடிச்சு இது.

கேள்வி கேட்டவன்

இதுவரை சொன்னதெல்லாம் அவன்மேல் இரக்கம் வருவதற்கான காரணங்கள். நான் அவனை மதிப்பதற்குக் காரணம் வேறு. கதையின் பின்பகுதியில், நடுப் போரில், சசுகே ஒரு காரியம் செய்கிறான். செத்துப்போன ஊர்த்தலைவர்கள் நான்கு பேரையும் ஒரோச்சிமாரு மூலமாகத் திரும்ப வரவழைத்து, அவர்கள் எதிரில் நின்று கேள்வி கேட்கிறான். கிராமம் என்றால் என்ன? நிஞ்ஜா என்றால் என்ன? என் அண்ணனுக்கு நீங்கள் செய்தது என்ன? முதல் தலைவர் ஹஷிராமா உட்கார்ந்து ஆதியிலிருந்து கதையைச் சொல்கிறார். மூன்றாம் தலைவர் இட்டாச்சியைப் பற்றிய உண்மையை ஒப்புக்கொள்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் சசுகே போர்க்களத்துக்குப் போகிறான்.

கவனியுங்கள். இத்தனை வருடமாக அந்த ஊரில் யாரும் அவனுக்கு உண்மையைச் சொல்லவில்லை. கேட்க ஒரு இடமும் இல்லை. உண்மையைப் பூட்டி வைத்த ஊரில்தான் பழி வளர்ந்தது. பதில் சொல்ல ஆள் கிடைத்த அன்றைக்குத்தான் அவன் முதல் தடவையாகத் திரும்பி நடந்தான். அதற்குப் பிறகும் அவன் உடனே நல்ல பிள்ளை ஆகிவிடவில்லை என்பது உண்மை. போர் முடிந்ததும் உலகத்தையே தன் வழியில் மாற்றப் போகிறேன் என்று நிற்கிறான். அதே அருவிக்கரையில் நருட்டோவுடன் மறுபடி சண்டை. ஆளுக்கு ஒரு கை போகிறது. ரத்தம் வடிய இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கிடக்கும்போதுதான், நான் தோற்றேன் என்கிறான் சசுகே. கவர்னர் எஞ்சினின் அதே தண்டிலிருந்து வேகத்தை வாங்கித்தானே வேலை செய்கிறது? நருட்டோவும் அப்படித்தான். அவனும் அப்பா அம்மா இல்லாமல் வளர்ந்தவன். வலி தெரிந்தவன். அதனால்தான் அவனால் முடிந்தது.

பெல்ட் கார்டு

அந்த அத்தியாயத்தைப் படித்த பிறகு வந்த லீவில், அப்பாவிடம் நான் ஒன்று கேட்டேன். இத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. "அன்னைக்கு என்னப்பா நடந்துச்சு?"

அப்பா மண்டபத்து வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். லைன் ஷாஃப்டிலிருந்து வரும் பெல்ட் வழுக்கிக்கொண்டே இருந்ததாம். நிறுத்திவிட்டுப் பார்க்கலாம் என்று அப்பா சொல்ல, வெளியே நெல் லாரி நிற்கிறது, ஓடும்போதே ரோசினைப் போடு என்று மேஸ்திரி சொன்னாராம். "புல்லிக்கும் பெல்ட்டுக்கும் மூடி இருந்துச்சாப்பா?" என்று கேட்டேன். "மூடியா? நான் வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்தே கெடையாது" என்றார்.

ஒரு பெல்ட் கார்டு! கொஞ்சம் ஆங்கிள், கொஞ்சம் கம்பி வலை, நாலு போல்ட். நம் வெல்டிங் கடையில் ஒரு மதியத்தில் செய்துவிடலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஓடும் இயந்திர பாகங்களுக்கு வேலி வேண்டும் என்று அப்போதே சொல்லியிருந்தது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், வேலையில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்றும், அதற்கு இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும் என்றும், தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை ஏற்கலாம் என்றும் சொல்லியிருந்தது. அப்பாவுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதையே யாரும் சொல்லவில்லை.

நான் அந்த முதலாளி முன்னால் போய் நிற்பதைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். அப்பா மறித்துவிட்டார். "அந்த ஆளு மேல எனக்கு இருக்குற கோபம் வேற, நீ படிக்கிறது வேற. ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதேடா. நாளைக்கு அந்த ஆளே செத்துப் போயிட்டா, நீ எதுக்குப் படிப்ப?"

நான் அசந்துவிட்டேன். அப்பா மூன்றாம் வகுப்பு. மங்கா என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. ஆனால் லோடு போன எஞ்சின் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கோபம் எனக்குப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. போகவும் வேண்டாம். அப்பாவின் கையைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அது வரும், வரத்தான் வேண்டும். எரிபொருள் இல்லாமல் எந்த எஞ்சினும் ஓடாது. ஆனால் அது எதை இழுக்க வேண்டும் என்பதை இப்போது நான் முடிவு செய்திருக்கிறேன். டிப்ளமோ முடித்ததும் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பற்றி மேலே படிக்க ஆசை. எங்கே வேலைக்குப் போனாலும், முதல் நாள் நான் பார்க்கப்போவது பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா என்றுதான். இன்னொன்று, போன மாதம் அண்ணன் திருப்பூரிலிருந்து ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். அப்பா, அண்ணன், நான் மூவரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தோம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளிக்கு அங்கே வக்கீல் உதவி இலவசம். இத்தனை வருடம் கழித்து எடுபடுமா என்று தெரியாது. மனுவில் எங்கள் தரப்பை முழுதாக எழுதியிருக்கிறோம். மனுவை எழுதியது அண்ணன். கணக்கு மண்டையில் ஏறாதவனின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது, "91 வாங்கினவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா" என்று சொன்னேன். அவன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "டீ ஆறுது, குடிடா" என்றான்.

நண்பர்களே! உங்களில் யாராவது ஒரு முகத்தை நினைத்துக்கொண்டு படிக்கிறீர்கள் என்றால், நினைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த முகம் நாளைக்கு இல்லாமல் போனாலும் உங்களை ஓட்டுவதற்கு ஒரு வேலையைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, வேகம் கூடும்போது குறைத்துவிட ஒரு கவர்னரையும். அது நண்பனாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், மண்டப வாசலில் உட்கார்ந்திருக்கிற அப்பாவாகவும் இருக்கலாம்.

எதிர்க்கட்சியான என் ரூம்மேட் இதைப் படித்துவிட்டு மேல்முறையீடு செய்வான். செய்யட்டும், ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கோர்ட் திறந்திருக்கும்.